வீடு தேடலில் நிரலாக்கம்

வீடு தேடலில் நிரலாக்கம் என்பது, வாடகைக்கோ விலைக்கோ கிடைக்கும் வீடுகளைப் பற்றிய தரவுகளைத் திரட்டி, கணினி நிரல் அல்லது விரிதாளின் துணையுடன் ஒப்பிட்டு, ஒரு தீர்மானத்துக்கு வர உதவும் முறைகளைக் குறிக்கும். அன்றாடத் தீர்மானங்களில் கணினியைப் பயன்படுத்துவதற்கு இது நன்கு அறியப்பட்ட ஓர் எடுத்துக்காட்டாகும். வடிகட்டல், குறுகிய வழி கணித்தல், நிறையிட்ட கூட்டல், உகந்த நிறுத்தம் முதலிய கணித, கணினியியல் கருத்துருக்கள் இதில் பயன்படுகின்றன.

இம்முறைகளில் நிரல் தானாக வீட்டைத் தேர்ந்தெடுப்பதில்லை. தேடுபவர் தமக்கு எது எவ்வளவு முக்கியம் என்பதை எண்ணாக எழுதித் தரும்போது, அந்த எண்ணின் விளைவு என்ன என்பதை மட்டுமே நிரல் காட்டுகிறது. எண் மாறினால் விடையும் மாறும்.

பின்னணி

வீடு தேடுதல் பல காரணங்களால் கடினமான தீர்மானமாகும். முதலாவதாக, வாடகை, பயண நேரம், பரப்பளவு, பள்ளியின் அண்மை போன்ற வெவ்வேறு அலகுகளில் அளக்கப்படும் பண்புகளை ஒன்றோடொன்று ஒப்பிட வேண்டியுள்ளது. இரண்டாவதாக, வீடுகள் எல்லாம் ஒரே நாளில் கண்முன் வருவதில்லை. ஒன்றைப் பார்த்துவிட்டு அடுத்ததைப் பார்ப்பதற்குள் முதலாவது கைவிட்டுப் போகலாம். மூன்றாவதாக, பெரும்பாலான குடும்பங்களுக்கு இதுவே வாழ்நாளின் மிகப் பெரிய செலவு. ஆதலால் தவறைத் திருத்திக்கொள்வது எளிதன்று.

இத்தகைய நிலையில் மனிதர்கள் கடைசியாகப் பார்த்த வீட்டுக்கோ, கண்ணைக் கவர்ந்த ஒரேயொரு பண்புக்கோ அளவுக்கு மீறிய முக்கியத்துவம் கொடுத்துவிடுவது உண்டு. வீடுகளைப் பார்க்கத் தொடங்கும் முன்னரே அளவுகோல்களை எழுதி வைப்பது இதற்கு ஒரு மாற்றாகும். நிரலாக்க முறையின் முதற்பயனும் இதுவே.

வரலாறு

தீர்மானங்களை எழுத்திலும் எண்ணிலும் வைத்துப் பார்க்கும் வழக்கம் கணினிக்கு முற்பட்டது. 1772 ஆம் ஆண்டில், புதிய பதவி ஒன்றை ஏற்பதா வேண்டாமா என்று தயங்கிய வேதியியலாளர் ஜோசப் பிரீஸ்ட்லிக்கு, பெஞ்சமின் பிராங்கிளின் கடிதம் ஒன்று எழுதினார். ஒரு தாளை இரண்டு பத்திகளாகப் பிரித்து, சாதகங்களையும் பாதகங்களையும் சில நாட்கள் குறித்து வந்து, சம எடையுள்ளவற்றை இரு பக்கமும் அடித்துவிட்டு, எஞ்சியதைக் கொண்டு முடிவு செய்யுமாறு அதில் கூறினார். எதைத் தேர்வது என்று அவர் சொல்லவில்லை, எவ்வாறு தேர்வது என்பதை மட்டுமே விளக்கினார்.

1955 இல் எர்பர்ட் சைமன், மனிதர்கள் எல்லா வாய்ப்புகளையும் அலசி மிகச் சிறந்ததைத் தேர்வதில்லை என்றும், தாம் வகுத்துக்கொண்ட போதுமான நிலையை எட்டும் முதல் வாய்ப்பை ஏற்கின்றனர் என்றும் விளக்கும் ஆய்வுக் கட்டுரையை வெளியிட்டார். வீட்டை விற்பவர் ஒருவர் ஏற்புவிலை ஒன்றை வரையறுத்துக் காத்திருப்பது அதில் எடுத்துக்காட்டாகக் காட்டப்பட்டது. சைமனுக்கு 1978 இல் பொருளியலுக்கான நோபல் பரிசு வழங்கப்பட்டது. 1970களில் தாமஸ் சாட்டி, அளவுகோல்களை இரண்டிரண்டாக ஒப்பிட்டு அவற்றின் நிறைகளைக் கணிக்கும் படிநிலைப் பகுப்பாய்வு முறையை உருவாக்கினார்.

1979 இல் டான் பிரிக்லின், பாப் ஃபிராங்க்ஸ்டன் ஆகியோர் உருவாக்கிய விசிகால்க் என்னும் விரிதாள் மென்பொருள் ஆப்பிள் 2 கணினிக்காக வெளிவந்தது. ஓர் எண்ணை மாற்றியவுடன் அதைச் சார்ந்த எண்கள் யாவும் மாறுவதை, நிரலாக்கம் அறியாதவர்களும் தம் வீட்டுக் கணினியில் காண இது வழிசெய்தது.

வீடு தேடலில் திருப்புமுனையாக அமைந்தது 2005 ஆம் ஆண்டு. கிரெய்க்ஸ்லிஸ்ட் தளத்தில் வெளியான வீட்டு விளம்பரங்கள் அப்போது வெறும் பட்டியலாகவே இருந்தன. சிலிக்கான் பள்ளத்தாக்குப் பகுதியில் வீடு தேடிக்கொண்டிருந்த பால் ரேட்மேக்கர் என்னும் நிரலாளர், அவ்விளம்பரங்களை அவ்வாண்டின் தொடக்கத்தில் வெளியாகியிருந்த கூகுள் வரைபடத்தின் மீது புள்ளிகளாகக் காட்டும் ஹவுசிங்மேப்ஸ் என்னும் தளத்தை உருவாக்கினார். தன் வரைபடத்தைப் பிறர் பயன்படுத்துவதற்கான நிரலாக்க இடைமுகத்தைக் கூகுள் வெளியிடும் முன்பே இது செய்யப்பட்டது. இரு வேறு தளங்களின் தரவுகளை இணைத்துப் புதிய சேவை ஒன்றை ஆக்கும் முறைக்கு இது முன்னோடியாகக் கருதப்படுகிறது.

செயல்முறை

வீடு தேடலுக்கான நிரல் பொதுவாகப் பின்வரும் படிகளைக் கொண்டிருக்கும்.

1. தரவு திரட்டல்: ஒவ்வொரு வீட்டின் முகவரி, வாடகை அல்லது விலை, பரப்பளவு, அறைகளின் எண்ணிக்கை முதலியவற்றை அட்டவணையில் சேர்த்தல்.
2. வடிகட்டல்: கட்டாயத் தேவைகளை நிறைவு செய்யாத வீடுகளை நீக்குதல். வருமானத்துக்கு எட்டாத வாடகை, சக்கர நாற்காலி நுழைய முடியாத வாயில் போன்றவை இதில் அடங்கும்.
3. பயண நேரம் கணித்தல்: முகவரியை அகலாங்கு, நெட்டாங்காக மாற்றி, அங்கிருந்து பணியிடத்துக்கோ பள்ளிக்கோ ஆகும் நேரத்தைக் கணித்தல்.
4. விஞ்சப்பட்டவற்றை நீக்குதல்: மற்றொரு வீட்டைவிட எந்தப் பண்பிலும் மேம்படாத, ஒன்றிலாவது தாழ்ந்த வீட்டை நீக்குதல்.
5. நிறையிட்டு வரிசைப்படுத்தல்: எஞ்சிய வீடுகளின் பண்புகளைப் பொது அளவுக்கு மாற்றி, நிறைகளால் பெருக்கிக் கூட்டுதல்.
6. சோதித்தல்: நிறைகளைச் சற்று மாற்றி, முதலிடம் மாறுகிறதா எனப் பார்த்தல்.

முதற்படியில் சட்டச் சிக்கல்கள் எழக்கூடும். விளம்பரத் தளங்களிலிருந்து நிரல் மூலம் தரவு திரட்டுவதைப் பல தளங்கள் தம் பயன்பாட்டு விதிகளில் தடை செய்துள்ளன. கிரெய்க்ஸ்லிஸ்ட் தன் விளம்பரங்களை வரைபடத்தில் காட்டிய பேட்மேப்பர் தளத்தின் மீதும், அதற்குத் தரவு வழங்கிய நிறுவனத்தின் மீதும் 2012 இல் வழக்குத் தொடர்ந்தது. 2015 இல் இவ்வழக்கு சமரசத்தில் முடிந்தது. ஒரு குடும்பத்தின் தேவைக்கு இருபது, முப்பது வீடுகளின் விவரங்களைக் கையால் உள்ளிடுவதே பெரும்பாலும் போதுமானதாகும்.

மூன்றாம் படிக்கு அடிப்படையாக இருப்பது குறுகிய வழி காணும் படிமுறை ஆகும். இவற்றுள் புகழ்பெற்ற ஒன்றை டச்சுக் கணினியியலாளர் எட்சுகர் டைக்ஸ்ட்ரா 1956 இல் வகுத்து 1959 இல் வெளியிட்டார். 2004 இல் தொடங்கப்பட்ட ஓப்பன் ஸ்ட்ரீட் மேப் திட்டத்தின் கட்டற்ற சாலைத் தரவுகளும், பொதுப் போக்குவரத்து நிறுவனங்கள் பொது வடிவமைப்பில் வெளியிடும் கால அட்டவணைகளும் இக்கணிப்பைத் தனிமனிதருக்கும் இயலச் செய்துள்ளன. நேர்கோட்டுத் தொலைவை மட்டும் பார்ப்பது தவறான முடிவுக்கு இட்டுச்செல்லும். ஆற்றின் மறுகரையில் இருக்கும் வீடு வரைபடத்தில் அருகிலும், பயணத்தில் தொலைவிலும் இருக்கலாம்.

எடுத்துக்காட்டு

ஓர் அமெரிக்க நகரில் வாடகை வீடு தேடும் ஒருவரிடம் பின்வரும் நான்கு வீடுகளின் விவரங்கள் உள்ளன எனக் கொள்க. பயண நேரம் பணியிடத்துக்கு ஒரு வழிப் பயணத்தைக் குறிக்கும்.

வீடு அ: மாத வாடகை 1500 டாலர், பயணம் 50 நிமிடம், பரப்பு 70 சதுர மீட்டர்.
வீடு ஆ: மாத வாடகை 2000 டாலர், பயணம் 20 நிமிடம், பரப்பு 60 சதுர மீட்டர்.
வீடு இ: மாத வாடகை 1800 டாலர், பயணம் 35 நிமிடம், பரப்பு 90 சதுர மீட்டர்.
வீடு ஈ: மாத வாடகை 1900 டாலர், பயணம் 40 நிமிடம், பரப்பு 65 சதுர மீட்டர்.

வீடு ஈ, வீடு இ-யைவிட வாடகையில் கூடியது, பயணத்தில் நீண்டது, பரப்பில் சிறியது. எனவே நிறைகள் எவையாயினும் அது முதலிடம் பெறாது. நிரல் அதை நீக்கிவிடலாம். எஞ்சிய மூன்றும் ஒன்றையொன்று விஞ்சாதவை. இத்தகைய தொகுதி, இத்தாலியப் பொருளியலாளர் வில்ஃப்ரெடோ பரேட்டோவின் பெயரால் பரேட்டோ எல்லை எனப்படுகிறது.

அடுத்து ஒவ்வொரு பண்பிலும் மிகச் சிறந்த வீட்டுக்கு 1, மிகத் தாழ்ந்ததற்கு 0 என மதிப்பிட்டு, இடைப்பட்டதை அதற்கேற்ப அமைத்தால், வாடகையில் அ 1, ஆ 0, இ 0.4 எனவும், பயணத்தில் அ 0, ஆ 1, இ 0.5 எனவும், பரப்பில் அ 0.33, ஆ 0, இ 1 எனவும் கிடைக்கும்.

வாடகைக்கு 0.5, பயணத்துக்கு 0.3, பரப்புக்கு 0.2 என நிறையிட்டால், மொத்த மதிப்பு அ 0.57, இ 0.55, ஆ 0.30 ஆகும். வீடு அ முதலிடம் பெறுகிறது. நிறைகளை 0.4, 0.4, 0.2 என மாற்றினால், இ 0.56, அ 0.47, ஆ 0.40 என ஆகி வீடு இ முதலிடம் பெறும். 0.2, 0.6, 0.2 என மாற்றினால், ஆ 0.60, இ 0.58, அ 0.27 என ஆகி வீடு ஆ முன்னுக்கு வரும்.

பரப்பின் நிறையை 0.2 என நிலையாக வைத்து, வாடகையின் நிறையைச் சிறிது சிறிதாக மாற்றிப் பார்க்கும்படி நிரல் எழுதினால், முழு நிலையும் தெளிவாகும். வாடகையின் நிறை ஏறத்தாழ 0.22 இற்குக் கீழ் இருந்தால் வீடு ஆ, 0.22 முதல் 0.48 வரை வீடு இ, அதற்கு மேல் வீடு அ முதலிடம் பெறும். வீடு இ நடு இடைவெளியில் முதலிடத்தில் நிற்பதால், தம் நிறைகளில் உறுதியில்லாதவருக்கு அது பாதுகாப்பான தேர்வாகும். தனியொரு மதிப்பெண்ணைவிட இந்த இடைவெளிகளே பயனுள்ள தகவலாகும்.

நிறைகளின் பொருள்

0.5, 0.3 போன்ற எண்களுக்குத் தம்மளவில் பொருள் குறைவு. அவற்றைப் பழகிய அலகுகளுக்கு மாற்றும்போது தீர்மானம் தெளிவு பெறும். மேற்கண்ட எடுத்துக்காட்டில் வீடு அ-விலிருந்து பணிக்குச் செல்ல, வீடு ஆ-வைவிட ஒரு வழிக்கு 30 நிமிடம் கூடுதலாகும். மாதத்தில் 22 பணிநாட்கள் போய்த் திரும்பினால் இது 22 மணிநேரம். வாடகை வேறுபாடு 500 டாலர். பரப்பை ஒதுக்கிவிட்டுப் பார்த்தால், இவ்விரண்டுக்கும் இடையிலான தேர்வு, தம் ஒரு மணிநேரம் ஏறத்தாழ 23 டாலருக்கு மேல் மதிப்புடையதா என்னும் கேள்வியாகச் சுருங்குகிறது. இக்கேள்விக்கு நிரலால் விடையளிக்க இயலாது. கைக்குழந்தை உள்ள தாயின் விடையும், தொடர்வண்டியில் படித்துக்கொண்டே செல்லும் மாணவரின் விடையும் ஒன்றாக இருக்க வேண்டியதில்லை.

நிறைகளைத் துல்லியமாக வரையறுக்க இயலாதபோதும் இம்முறை பயனற்றுப் போவதில்லை. உளவியலாளர் ராபின் டாஸ் 1979 இல் வெளியிட்ட கட்டுரையில், கணித்தல் பணிகள் பலவற்றில் எல்லாக் காரணிகளுக்கும் சமநிறை கொடுக்கும் எளிய கூட்டல் கூட வல்லுநரின் உள்ளுணர்வுக் கணிப்பைவிடச் சிறப்பாக அமைந்ததைக் காட்டினார். எந்தக் காரணிகளைச் சேர்ப்பது என்பதே, அவற்றின் நிறைகளைவிட முக்கியமானது என்பது அவர் கருத்து.

அளவீட்டு முறையிலும் கவனம் தேவை. மேற்கண்ட பட்டியலில் 2500 டாலர் வாடகை, 20 நிமிடப் பயணம், 60 சதுர மீட்டர் பரப்பு கொண்ட வீடு உ சேர்க்கப்பட்டது எனக் கொள்க. அதை எவரும் தேர்ந்தெடுக்கப்போவதில்லை. ஏனெனில் அதே பயணமும் பரப்பும் உள்ள வீடு ஆ 500 டாலர் மலிவானது. ஆயினும் வாடகை அளவின் தாழ்ந்த எல்லை 2500 என மாறிவிடுவதால், முதல் நிறைகளின்படி வீடு இ-யின் மதிப்பு 0.55 இலிருந்து 0.70 ஆக உயர்ந்து, 0.57 இல் நிற்கும் வீடு அ-வை முந்திவிடும். தொடர்பற்ற ஒரு வீடு மற்ற இரண்டின் வரிசையைப் புரட்டுவது இம்முறையின் அறியப்பட்ட குறைபாடாகும். விஞ்சப்பட்ட வீடுகளை முதலில் நீக்குவதும், அளவின் எல்லைகளைத் தேடல் தொடங்கும் முன்னரே நிலைப்படுத்துவதும் இதைக் குறைக்கும்.

தேடலை நிறுத்துதல்

வீடுகள் ஒன்றன்பின் ஒன்றாக வந்து, மறுத்தது மீண்டும் கிடைக்காது என்னும் நிலையில், எப்போது நிறுத்துவது என்பது தனிச் சிக்கலாகும். இது உகந்த நிறுத்தச் சிக்கல் எனப்படும். இதன் பிரபலமான வடிவம் மார்ட்டின் கார்ட்னரின் பத்தி ஒன்றின் மூலம் 1960 இல் பரவலாக அறியப்பட்டது. டெனிஸ் லிண்ட்லி 1961 இல் இதற்கான தீர்வை வெளியிட்டார்.

வரவிருக்கும் வீடுகளின் எண்ணிக்கை தெரிந்து, வரிசை தற்செயலாக அமைந்து, வீடுகளின் ஒப்பீட்டுத் தரம் மட்டுமே தெரியும் எனில், முதல் 37 விழுக்காட்டைப் பார்த்து மட்டும் வைத்துக்கொண்டு, பின்னர் அவையனைத்தையும்விடச் சிறந்த முதல் வீட்டை ஏற்பதே உகந்த உத்தியாகும். 20 வீடுகள் எனில் முதல் 7 ஐக் கடந்த பின் தேர்வு தொடங்கும். மிகச் சிறந்த வீடு கிடைப்பதற்கான நிகழ்தகவு 0.38 ஆகும். இதைச் சரிபார்க்க எண்களைத் தற்செயலாகக் கலைத்து, உத்தியைப் பல ஆயிரம் முறை இயக்கிப் பார்க்கும் சிறு நிரல் போதும். தொடக்க நிலை மாணவர்களுக்கு இது நல்ல பயிற்சியாகும். பிரையன் கிறிஸ்டியன், டாம் கிரிஃபித்ஸ் ஆகியோர் 2016 இல் வெளியிட்ட நூல், வீடு தேடலையே முதல் எடுத்துக்காட்டாகக் கொண்டு இவ்விதியைப் பொது வாசகர்களுக்கு விளக்கியது.

இவ்விதியை அப்படியே பின்பற்றுவதில் இடர் உண்டு. மிகச் சிறந்த வீடு முதல் 37 விழுக்காட்டுக்குள் வந்துவிட்டால், தேடுபவர் கடைசியில் வருவதையே ஏற்க நேரும். இரண்டாவது சிறந்த வீடும் தோல்வியே என்பது இச்சிக்கலின் எடுகோள். மெய்வாழ்வில் அது தோல்வியன்று. சந்தையின் வாடகை நிலவரம் முன்பே தெரிந்தவருக்கு, சைமன் கூறியதுபோலப் போதுமான நிலையொன்றை வகுத்து, அதை எட்டும் முதல் வீட்டை ஏற்பது பொருத்தமானது.

கடன் கணிப்பு

வீட்டை வாங்குவோருக்கு நிரலின் முதன்மைப் பயன் கடன் தவணையைக் கணிப்பதாகும். கடன் தொகையை மாத வட்டி வீதத்தால் பெருக்கி, அதனை, ஒன்றிலிருந்து வட்டிச் சுருக்கக் காரணியைக் கழித்து வருவதால் வகுத்தால் மாதத் தவணை கிடைக்கும். வட்டிச் சுருக்கக் காரணி என்பது, ஒன்றை, ஒன்றுடன் மாத வட்டி வீதத்தைக் கூட்டி வரும் எண்ணால் மாதங்களின் எண்ணிக்கை அளவுக்குத் திரும்பத் திரும்ப வகுத்து வருவதாகும்.

3,00,000 டாலர் கடனை 30 ஆண்டுகளில், ஆண்டுக்கு 6 விழுக்காடு நிலையான வட்டியுடன் செலுத்தினால், மாதத் தவணை ஏறத்தாழ 1,799 டாலர். 7 விழுக்காடு எனில் ஏறத்தாழ 1,996 டாலர். வட்டியில் ஒரு விழுக்காட்டு வேறுபாடு, மொத்தக் காலத்தில் ஏறத்தாழ 71,000 டாலர் வேறுபாடாகிறது. வீட்டின் விலையில் சில ஆயிரங்களுக்காகப் பேரம் பேசுபவர் வட்டி வீதத்தை ஒப்பிடாமல் விடுவதன் இழப்பை இக்கணிப்பு உணர்த்தும்.

வரம்புகள்

நிரல் அட்டவணையில் உள்ளதை மட்டுமே அறியும். இரவில் எழும் ஓசை, மழைக்காலத்துக் கசிவு, வீட்டுக்குள் விழும் வெளிச்சம், அண்டை வீட்டாரின் இயல்பு ஆகியவை விளம்பரத்தில் இடம்பெறுவதில்லை. எளிதில் அளக்கக்கூடியவை மட்டுமே முக்கியமானவை போலத் தோன்றிவிடுவது இம்முறையின் பெரிய ஆபத்தாகும். எனவே நிரல் தரும் பட்டியல், நேரில் சென்று பார்க்க வேண்டிய வீடுகளைச் சுருக்குவதற்கே பயன்பட வேண்டும்.

பெருந்தரவும் திறமையான நிரலாளர்களும் இருந்தும் கணிப்பு தவறுவதற்குச் சில்லோ நிறுவனம் சான்றாகும். இந்நிறுவனம் 2006 முதல் அமெரிக்க வீடுகளின் மதிப்பை நிரல் மூலம் கணித்து வெளியிட்டு வருகிறது. 2018 இல் அது வீடுகளைத் தானே வாங்கி விற்கும் தொழிலில் இறங்கியது. வீட்டு விலைகளின் போக்கை முன்கணிப்பதில் எதிர்பார்த்ததைவிட உறுதியின்மை மிகுந்திருப்பதாகக் கூறி, 2021 நவம்பரில் அத்தொழிலை மூடுவதாக அறிவித்தது. கையிருப்பு வீடுகளின் மதிப்பில் 30 கோடி டாலருக்கும் மேற்பட்ட தொகையைக் குறைத்துக் காட்ட நேர்ந்தது. நிறுவனப் பணியாளர்களில் ஏறத்தாழ நான்கில் ஒரு பகுதியினர் வேலையிழக்கும் நிலை ஏற்பட்டது.

தரவுகளில் பழைய அநீதிகள் படிந்திருக்கவும் கூடும். 1930களில் அமெரிக்க அரசு சார்ந்த வீட்டுக்கடன் அமைப்பு ஒன்று நகரப் பகுதிகளைத் தரப்படுத்தி வரைபடங்கள் வரைந்தது. கறுப்பின மக்கள் வாழ்ந்த பகுதிகள் அவற்றில் இடர்மிக்கவையாகச் சிவப்பு வண்ணத்தில் குறிக்கப்பட்டன. 1968 இன் நியாய வீட்டுவசதிச் சட்டம் இனம், நிறம், சமயம், பிறப்பு நாடு ஆகியவற்றின் அடிப்படையில் வீடு மறுப்பதைத் தடை செய்தது. வீட்டு விளம்பரங்களை யாருக்குக் காட்டுவது என்பதை நிரல் தீர்மானிக்கும்போது இப்பாகுபாடு மீண்டும் நுழையக்கூடும். இக்குற்றச்சாட்டின் பேரில் அமெரிக்க வீட்டுவசதித் துறை 2019 இல் ஃபேஸ்புக் நிறுவனத்தின் மீது நடவடிக்கை எடுத்தது. 2022 இல் அந்நிறுவனம் நீதித் துறையுடன் உடன்பாட்டுக்கு வந்து, வீட்டு விளம்பரங்களைக் காட்டும் முறையை மாற்ற ஒப்புக்கொண்டது. இக்காரணங்களால், நல்ல பகுதி என்பதற்கு ஒரு தளம் தரும் மதிப்பெண்ணைத் தன் நிரலில் சேர்ப்பவர், அம்மதிப்பெண் எதைக்கொண்டு கணிக்கப்பட்டது என்பதை அறிந்துகொள்வது அவசியமாகும்.

பிற பயன்பாடுகள்

இங்கு விளக்கப்பட்ட முறைகள், கல்லூரி தேர்வு, வேலை தேர்வு, வாகனம் வாங்குதல், பயணத் திட்டமிடல் போன்ற பிற அன்றாடத் தீர்மானங்களுக்கும் பொருந்தும். தீர்மானத்தில் பலர் பங்குகொள்ளும் குடும்பங்களில் இதற்குக் கூடுதல் பயன் உண்டு. ஒவ்வொருவரும் தம் நிறைகளைத் தனித்தனியே எழுதி ஒப்பிடும்போது, எந்த வீடு என்னும் விவாதம், யாருக்கு எது முக்கியம் என்னும் உரையாடலாக மாறுகிறது. நிரல் காட்டும் முதலிடத்தைக் கண்டு ஒருவருக்கு ஏமாற்றம் உண்டாகுமானால், தாம் எழுதாமல் விட்ட அளவுகோல் ஒன்று உள்ளது என்பதற்கு அதுவே அறிகுறியாகும். அதைக் கண்டறிந்து பட்டியலில் சேர்த்து, கணிப்பை மீண்டும் செய்வது வழக்கம்.

இவற்றையும் பார்க்க

தீர்மானக் கோட்பாடு
நிகழ்தகவு
படிமுறைத் தீர்வு
விரிதாள்